நாலு நாள் மழை

லண்டனில் இருக்கும் என் அக்காள் மகன் சென்ற வாரம் டெலிபோனில் ஒரு கேள்வி கேட்டான். “கதை எழுதுகிற மாமாவிடம் கேட்கிற விஷயமில்லைதான். காருக்கு எந்த டயர் போடலாம், சொல்லுங்கள்” என்றான்.

அங்கே டயரில் மூன்று ஜாதி. கோடை டயரின் ரப்பர், உஷ்ணம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துக்கொண்டு சாலையைச் சரியாகப் பற்றாது. குளிர்கால டயரின் ரப்பர் மென்மையானது. பனியைக் கவ்விக்கொள்ள அதில் நுண்ணிய வெட்டுகள் உண்டு. ஆனால் வெயில் நாளில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்றாவது, எல்லாப் பருவத்துக்குமான டயர். இரண்டு வேலையையும் ஓரளவு செய்யும்; இரண்டிலும் முதல் மார்க் வாங்காது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் இல்லாமல் அந்த மாதங்களில் கார் ஓட்டக் கூடாதென்று 2008 முதல் சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் அந்தக் கட்டாயம் இல்லை.

“லண்டனில் பனி விழுந்தால் வருஷத்தில் நாலு நாள். அந்த நாலு நாளுக்காக எதற்கு மாமா செலவு?” என்றான்.

காஞ்சிபுரத்துக்காரனான நான் 7 டிகிரியைக் கண்டதில்லை. ஆனால் ‘நாலு நாள்’ என்ற சொல் என்னைச் சுருக்கென்று தைத்தது. போன ஐப்பசி வரையில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களூருக்குக் குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழைதான். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் சாலைத் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றுகின்றன. பள்ளம் தேய்ந்துபோனால் டயர் தண்ணீரின்மேல் மிதக்கும். பிரேக்கை மிதித்தாலும் கேட்காது. காருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது வேண்டும் என்பது சட்டம். என் டயர்கள் அந்த எல்லையைத் தாண்டி வழுக்கையாகியிருந்தன. “பொங்கலுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்; மழை என்ன, நாலு நாள்தானே” என்று தள்ளிப்போட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு திருப்பம். தூறல். வயதான நெசவாளர் ஒருவர் பாலிதீன் தாளில் சுற்றிய பாவைத் தோளில் சுமந்துகொண்டு தெருவைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கி ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாவைத்தான் தடவிப் பார்த்தார். “மூணு பொடவைக்கான பாவுங்க. சேத்துல விழுந்திருந்தா என் குடும்பம் எங்கே போவும்?” என்றார். தம் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் சிக்கனமென்று நினைத்தது என்ன? மிச்சமான பணம் என் சட்டைப்பையில். ஆபத்து அவர் தோளில். லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் இன்னொருவனுக்குமாகப் பிரியும் இடத்தில், ‘எத்தனை நாள்’ என்று கணக்குப் போடும் உரிமை லாபக்காரனுக்கு உண்டா? மறுநாளே நாலு டயரையும் மாற்றினேன். அந்தச் செலவு, அவர் சுமந்த பட்டின் விலையைவிட அதிகமில்லை.

எப்போதோ வருவது என்பதனால் ஒன்று அற்பமாகிவிடாது. இதை எங்களூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரதராஜர் கோயில் குளத்துக்குள் அத்தி வரதர் நாற்பது வருஷம் பள்ளிகொண்டிருக்கிறார். 1979-இல் எழுந்தருளியவர் மறுபடி 2019-இல்தான் எழுந்தருளினார், 48 நாள். நடுவில் ஒரு தலைமுறையே மாறியும் ஊர் அவரை மறக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கொரு முறை வருவதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊரில், வருஷா வருஷம் வரும் மழையை நான் மறந்தேன்.

அப்படியானால் நடுத்தரமான டயர் தப்பா? கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். நெசவாளர் இரண்டையும் கலந்து மங்கலாக்குவதில்லை. தனித்தனி நாடா ஓட்டிக் கோக்கிறார். அது உயர்ந்த வேலை. ஆனால் எல்லாப் புடவைக்கும் அது வேண்டியதில்லை. நடுவழி சில சமயம் சோம்பேறித்தனம், சில சமயம் விவேகம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு: அந்த நாலு நாளை நேராகப் பார்த்துவிட்டு முடிவு செய்தோமா, பார்க்காமலே முடிவு செய்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “பனி விழும் நாலு நாளும் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ரயிலில் போக முடியுமா உன்னால்?” என்று மட்டும் கேட்டேன்.

“இரவு வேலை மாமா. விடியற்காலையில் திரும்ப வேண்டும். ரயில் கிடைக்காது.”

“போகிற வழியில் மனிதர்கள் நடமாட்டம் உண்டா?”

சற்று மௌனம். “பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது” என்றான்.

எல்லாப் பருவ டயரே வாங்கியிருக்கிறான். மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினானாம். பனியில் சோதித்ததற்கு அதுதான் அடையாளம். லண்டன் குளிருக்கு அது போதும்.

நான் இப்போதும் பிள்ளையார்பாளையம் வழியாகத்தான் போகிறேன். புது டயர்தான். இருந்தாலும் அந்தத் திருப்பத்தில், வெயில் நாளில்கூட, கால் தானாகவே பிரேக்கின்மேல் போய்விடுகிறது.