வெளிச்சம்: தானமா, பாக்கியா?

கொடுப்பது நல்லதுதானே, இதிலென்ன விசாரம் வேண்டிக் கிடக்கு என்று கேட்கிற தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிற ஒரு சின்ன வீடு. அந்த வீட்டுக் கூரைமேல் யாரோ நாலு நல்லவர்கள் சோலார் தகடு மாட்டித் தருகிறார்கள். ராத்திரி பிள்ளைகள் வெளிச்சத்தில் படிக்கிறார்கள். மின்விசிறி சுற்றுகிறது, கொசுக்கடி இல்லாமல் தூங்குகிறார்கள். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நம்மை அடித்தவனை எப்படிப் பார்ப்பது என்று நமக்குத் தெரியும். நமக்குக் கொடுக்க வருகிறவனை எப்படிப் பார்ப்பது என்றுதான் நாம் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை.

நான் சொல்லும் இல்லம் கீழத்தஞ்சைப் பக்கம், ஒரு சேரியின் கடைசியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நடத்துவது ஒரு குடும்பம்: அக்கா, அவர் வீட்டுக்காரர், மாமியார். பிள்ளைகள் 14 பேர். செங்கல் சூளையில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தது, வயலில் பாம்பு கடித்துச் செத்த கூலிக்காரரின் பிள்ளை, யாரும் தேடி வராத பிள்ளை. அத்தனையும் நம்ம பிள்ளைகள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லத்தைப் பதிவும் செய்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை போச்சு, கூரை போச்சு, மின்கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. ஊர்த்தெருவில் முதலில் கம்பம் நட்டார்கள். சேரிக்கு அப்புறம். சேரியின் கடைசியில் இருந்த அந்த வீட்டுக்கு அதற்கும் அப்புறம். புயலுக்குச் சாதி கிடையாது. கம்பம் நடுகிற வரிசைக்கு இருக்கிறது. சிம்னி விளக்கோடு பிள்ளைகள் வாரக்கணக்கில் கிடந்தார்கள். இதைக் கேள்விப்பட்டுத்தான் நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. ஒரு கிலோவாட் தகடு, ரெண்டு பாட்டரி, ஒரு இன்வெர்ட்டர் தருகிறோம் என்றார்கள்.

கூடவே மூன்று நிபந்தனை. வாசல் சுவரில் கொடுத்தவர் பெயர்ப் பலகை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகூப்பச் சொல்லி ஒரு போட்டோ. பாட்டரி அறைச் சாவி ஊர்த்தெருவில் இருக்கிற அவர்கள் ஆளிடம்.

"பிள்ளைங்க மூஞ்சி போட்டாவுல வரக்கூடாதுங்க சார். சட்டமும் ஒத்துக்காது, நானும் ஒத்துக்க மாட்டேன்" என்றார் அக்கா.

"நாங்க என்ன வியாபாரமாம்மா பண்றோம்? கொடுக்குறவங்களுக்கு ஒரு திருப்தி வேணாமா?"

அந்தத் 'திருப்தி' என்கிற சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு வெளிச்சம், கொடுத்தவருக்குத் திருப்தி. இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லாமல் நடக்கலாம், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் பிள்ளையின் முகத்தைக் கொடுத்தால்தான் திருப்தி வரும் என்றால், அங்கே நடப்பது பண்டமாற்று. இருட்டில் இருக்கிற பிள்ளையிடம் விற்பதற்கு அவமானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத்தான் விலையாகக் கேட்கிறார்கள்.

விளக்குத் தானம் நமக்குப் புதிதில்லை. எம்.ஏ. தமிழில் கல்வெட்டுப் படித்தவர்களுக்கு நந்தா விளக்கு தெரிந்திருக்கும். ராசராசன் கட்டி 1010இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு ஓயாமல் எரிய 96 ஆடு விடுவார்கள். ஆட்டை வைத்திருக்கிற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. குட்டியை வைத்து ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூரியசந்திரர் உள்ளவரை விளக்கு அணையக்கூடாது என்பது ஏற்பாடு.

இதில் ரெண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, விளக்கைக் கொடுத்தால் போதாது, நெய்க்கும் வழி பண்ண வேண்டும் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருந்தது. ரெண்டாவது, அந்த விளக்கு யாருக்கு எரிந்தது? அதே கோயில் கல்வெட்டுகளில்தான் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பதிவாகியிருக்கின்றன. சாமிக்கு ஆயிரம் வருஷத்துக்குத் திட்டம் போட்டவன் சேரிக்கு ஒரு அகல் விளக்குக்குக்கூடத் திட்டம் போடவில்லை. தானம் மேல்நோக்கிப் போனபோது அதற்கு நிலம், ஆடு, பொன், சாட்சி, கல்லில் எழுத்து எல்லாம் இருந்தது. கீழ்நோக்கி வரும்போது மட்டும் அது பழைய சோறாகவும் பழைய துணியாகவும் ஆகிப்போகிறது. ஒருதரம் கொடுத்தால் முடிந்தது, அப்புறம் அவன்பாடு.

சோலாரிலும் இதுதான் நடக்கிறது. தகடு 25 வருஷம் உழைக்கும். ஈய-அமில பாட்டரி நாலைந்து வருஷம்தான். நம்ம பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் நாலு யூனிட் தரும். எட்டு எல்இடி விளக்கு, அஞ்சு மின்விசிறி ராத்திரி ஓட அது போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதிகூட வராது. தகட்டில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும், பாட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்க்க வேண்டும். நந்தா விளக்குக்கு நெய் என்றால் இந்த விளக்குக்கு பாட்டரிதான் நெய். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அஞ்சாம் வருஷம் வருவதில்லை. பாட்டரி செத்து, தகடு கூரைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கிறவர் என்ன சொல்வார் தெரியுமா? "அதுங்களுக்கு வெச்சுக் காப்பாத்தத் தெரியாதுப்பா." வேதியியல்படி செத்துப்போன பாட்டரிக்குக்கூட நம்ம சாதிதான் காரணம்.

அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறார். பூனா ஒப்பந்தத்துக்குப் பின் 1932இல் தொடங்கிய தீண்டாமை ஒழிப்பு அமைப்புதான் பிறகு அரிசன சேவா சங்கமானது. அதற்கு அவர் எழுதிய கடிதத்தில், தனித்தனி ஆட்களுக்குப் பள்ளியும் மருந்தும் கொடுத்துத் திருத்துவதில் நிற்காதீர்கள், கிணற்றிலும் தெருவிலும் பள்ளியிலும் உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள் என்று கேட்டார். அது நடக்கவில்லை. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் தீண்டப்படாதோர் இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணம் அவர்களுடையது, நடத்துவதும் அவர்கள்தான் என்று காந்தியார் பதில் சொன்னதை அம்பேத்கர் 1945இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டி விமர்சிக்கிறார். பாட்டரி அறைச் சாவி யாரிடம் என்கிற கேள்வி 1932லேயே கேட்கப்பட்ட கேள்வி என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கிறவரின் பம்ப்செட்டுக்குப் பல பத்தாண்டுகளாக மின்சாரம் இலவசம். விவசாயத்துக்கு அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அந்த மிராசுதாரைக் கரண்டு வாங்கியதற்காக யாராவது வரிசையில் நிறுத்திக் கைகூப்பச் சொன்னார்களா? 2016இல் வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்களே, அதை வாங்கிய அதிகாரி வீட்டுச் சுவரில் பலகை மாட்டினார்களா? அவருக்கு அது மானியம், சலுகை, உரிமை. சேரிப் பிள்ளைக்கு மட்டும் தானம். ஒரே மின்சாரம்தான், யார் வீட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது. கூரைச் சோலாருக்கு 2024இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மானியத் திட்டமும் அப்படித்தான். சொந்தக் கூரை வேண்டும், மின் இணைப்பு வேண்டும். பட்டாவே இல்லாத புறம்போக்குக் குடிசையில் எந்தக் கூரையைக் காட்டுவது?

இப்போது ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "நீங்க பேசுற தத்துவத்துக்குப் பிள்ளை இருட்டுல காத்துக்கிட்டிருக்கணுமா?" நியாயமான கேள்வி. காத்திருக்கக் கூடாது. பசித்தவன் வாயில் சோற்றை வைத்துவிட்டுத்தான் நீதி பேச வேண்டும். கொடுக்க வருகிறவர் எல்லாம் ஆதிக்கக்காரர் என்றும் நான் சொல்லவில்லை. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுப்பவர் இருக்கிறார். அவர் நம்மிடமிருந்து எதையும் நேராகப் பிடுங்கியவர் இல்லை. ஆனால் சேரிக்குக் கடைசியில் வந்த கம்பம் வேறு யாருக்கோ முதலில் போயிருக்கிறது. முதலில் பெற்றவர் பின்னால் வந்து கொடுத்தால், அதற்கு நான் தானம் என்று பெயர் வைக்க மாட்டேன். பாக்கி என்பேன். பாக்கியைத் தீர்க்கிறவருக்கு மரியாதை உண்டு, கும்பிடு கிடையாது. கொடுத்தவருக்கும் அது குறைச்சல் இல்லை. கணக்குத் தீர்ப்பதும் ஒரு நேர்மைதான்.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. சோலார் வந்தபிறகு மழைக்காலத்தில் கம்பி அறுந்தால் லைன்மேன் சொல்கிறாராம்: "உங்களுக்குத்தான் சோலார் இருக்கே, என்ன அவசரம்?" நல்லவர் ஒருவர் கொடுத்தது, கொடுக்கக் கடமைப்பட்ட அரசுக்குச் சாக்காகிவிடுகிறது. தனியார் கருணை வளர வளர பொதுக் கடமை ஒதுங்கிக்கொள்கிறது. இதற்குச் சோலாரை மறுப்பது வழியில்லை. தகட்டை வாங்கிய கையாலேயே கம்பத்துக்கும் மனு எழுத வேண்டும்.

அக்கா செய்தது அதுதான். அந்தக் குழுவோடு மூன்று நாள் பேசினார். பலகை வேண்டாம், கொடுத்தவர் பெயரை இல்லத்துக் கணக்கு நோட்டில் எழுதுகிறோம், யார் வந்தாலும் பார்க்கலாம் என்றார். போட்டோவுக்குத் தகட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாவி எங்களிடம்தான் என்றார். பாட்டரிக்கு மாதம் 500 ரூபாய் வங்கியில் போட்டு வர முடியுமா, முடியாதென்றால் இப்பவே சொல்லிடுங்க என்று கேட்டார். குழுவில் ரெண்டு பேர் முகம் சுளித்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் தங்கினார்கள். 2019இல் தகடு ஏறியது. பாட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது, மீட்டரில் அளவு குறிப்பது எல்லாம் பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணின் பொறுப்பு. 2024இல் பாட்டரி மாற்றியபோது சேர்த்த பணமும் பழைய பாட்டரியின் ஈயத்துக்குக் கிடைத்த காசும் போதுமாக இருந்தது. சாவா மூவாப் பேராடு என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அக்காவுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் "அந்த நெய்யில ஒரு கரண்டி நம்ம தெருவுக்கு வந்ததா?" என்றார்.

கரண்டு போகிற ராத்திரிகளில் சேரிக்காரர்கள் செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார்கள். பிள்ளைகள் வரிசையாகச் சார்ஜ் போட்டுத் தருகிறார்கள். காசு கிடையாது. யாருமில்லாத பிள்ளைகள் என்று பெயர் வாங்கியவர்கள் ஊரே இருண்ட நேரத்தில் தெருவுக்குக் கொடுக்கிறவர்களாக இருக்கிறார்கள். கொடையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: வாங்கியவர் அதை வைத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறதா? சாவி வெளியே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நம் இயக்கங்களுக்கும் விடுதிகளுக்கும் இரவுப் பள்ளிகளுக்கும் இனி யாராவது கொடுக்க வந்தால் வரவேற்போம், டீ கொடுப்போம், உட்கார வைத்துக் கேட்போம். சாவி யாரிடம்? அஞ்சு வருஷம் கழித்து எண்ணெய்க்கு என்ன வழி? வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டா? பதில் சரியாக இருந்தால் தலை நிமிர்ந்து வாங்குவோம். அக்காவின் கம்ப மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன்னால் அதைப் புதுத் தேதி போட்டு மறுபடி கொடுக்கிறார்கள். இந்த வருஷம் பிள்ளைகளே எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.