பகலில் பெய்யும் எரிகற்கள்

வானொலி கேட்க உட்காருபவர், தெளிவாகக் கேட்கும் நிலையத்தைத் தேடுவார். எரிகல்லுக்காகக் காத்திருப்பவருக்கோ கேட்காத நிலையம்தான் வேண்டும்.

பிரான்ஸில் டிஜான் நகருக்கு அருகே கிரேவ்ஸ் என்ற ராணுவ ராடார் இருக்கிறது. செயற்கைக்கோள்களைக் கண்காணிக்க 143.05 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலைகளை வானுக்கு அனுப்புகிறது. இங்கிலாந்தின் ஒரு வீட்டு மாடிக்கு அவை பொதுவாக நேரே எட்டுவதில்லை; பூமியின் வளைவு மறிக்கிறது. அந்த எட்டாமையை நம்பித்தான் ஆர்வலர்கள் கருவி செய்கிறார்கள். அலுமினியக் குழாய்களை அளந்து வெட்டிப் பொருத்திய யாகி ஆன்டெனா, கணினியில் செருகும் மலிவான டிவி டாங்கிள், ஒரு மென்பொருள். அவ்வளவுதான்.

மணல் அளவே உள்ள துகள் ஒன்று, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்து, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஆவியாகிறது. அது விட்டுச்செல்லும் எலக்ட்ரான் தடத்தில் பட்டு, ராடாரின் அலை கீழே தெறிக்கிறது. ஒலிபெருக்கியில் 'பிங்' என்று ஒரு சத்தம். பெரும்பாலும் ஒரு நொடிகூட நீடிக்காது. அது எரிகல் எழுப்பிய சத்தமல்ல. அந்த உயரத்திலிருந்து ஒலி தரைக்கு வர நான்கைந்து நிமிடமாகும், சிறு துகளின் ஒலி வந்தே சேராது. அழிகிற கணத்தில் அத்துகள் இன்னொன்றின் குரலை நமக்குத் தந்துவிட்டுப் போகிறது. இதை முதன்முதலில் கேட்கிற எவருக்கும் உடல் சிலிர்க்கும் என்றே நினைக்கிறேன்.

அகில இந்திய வானொலியைச் சேர்ந்த சமன்லாலும் வெங்கடராமனும் சிற்றலையில் குறுக்கிட்ட விசில் ஒலிகளை இடையூறென்று ஒதுக்கவில்லை. எரிகற்களால் வருபவை அவை என்று 1941இல் எழுதினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், உபரியான ராணுவ ராடாரை இங்கிலாந்தின் ஜோட்ரெல் பாங்க் வயலுக்குக் கொண்டுவந்தார் இயற்பியலாளர் பெர்னார்ட் லவல். கண்ணால் எரிகல் எண்ணுவதில் தேர்ந்த மேனிங் பிரென்டிஸ் என்ற வழக்கறிஞர் துணைக்கு வந்தார். வானியல் அவருக்குத் தொழிலல்ல, காதல். வெறும் கண்ணின் கணக்கும் ராடாரின் கணக்கும் அங்கே அருகருகே வைக்கப்பட்டன. 1947 கோடையில் ராடார் வேறொன்றையும் காட்டியது: சூரியன் காயும் பகலில் பொழிகிற எரிகல் மழைகள். ஜூன் தொடக்கத்து ஏரியட்டிட்ஸ், ஆண்டின் வலிமையான பொழிவுகளில் ஒன்று. அதற்கு முந்தைய ஜூன்களிலும் அது பெய்துகொண்டுதான் இருந்தது. எரிகல் என்றால் இரவு என்று நாம் நம்பியிருந்தோம். இரவு தேவைப்பட்டது நம் கண்ணுக்குத்தான். அந்த மழையை எண்ண நினைப்பவர் ஜூன் 7ஐ ஒட்டிய நாளொன்றில், முற்பகலில் கருவியை இயக்கினால் போதும். வானம் மூட்டமாக இருந்தாலும் சரி.