முப்பத்திரண்டாவது பையன்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் ரயிலில் போயிருக்கிறீர்களா? பெட்டி முழுக்க மார்க் பேச்சாகத்தான் இருக்கும். 2025 மே மாதம், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற பாசஞ்சரில் நான் போனபோதும் அப்படித்தான். எதிர் ஸீட்டில் ஒரு அம்மா, தன் அக்கா மகன் வாங்கிய 471-ஐ எட்டாவது தடவையாக யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரமக்குடியில் ஒரு பெரியவர் ஏறினார். வெள்ளை வேட்டி, மஞ்சப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்ததுமே வாத்தியார் என்று தெரிந்துவிட்டது. (இந்தக் காலத்தில் இரண்டு பேனா குத்திக்கொள்கிறவர்கள் வேறு யார்?) உட்கார்ந்ததும், ‘‘பேப்பரைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?’’ என்றார். வாங்கியவர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், மாவட்டவாரியான தேர்ச்சி விகிதத்தில் விரலை வைத்தார். சிவகங்கை 98.31. விருதுநகர் 97.45. தூத்துக்குடி 96.76. விரல் நின்றுவிட்டது.

‘‘நம்ம மாவட்டம் மூணுக்குள்ள இல்ல சார்’’ என்றார், இந்தியா மேட்ச் தோற்றதைச் சொல்கிற குரலில். ‘‘போன வருஷம் மூணாவது. 96.36. 2019-ல ரெண்டாவது. திருப்பூர் 98.53, நாங்க 98.48.’’

ரிட்டயர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஹெச்.எம்.மாம். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு எண்களும் நாக்கு நுனியில் இருந்தன. நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாவட்டத்தில் இருபதாயிரம் பிள்ளைகள் எழுதினால், 0.05 என்பது பத்தே பிள்ளைகள். பத்துப் பேர் கணக்கில் முப்பத்தைந்து மார்க்கைத் தாண்டினார்களா, இல்லையா என்பதில் ஒரு மாவட்டம் முதலிடமாகிறது, இன்னொன்று இரண்டாமிடமாகிறது. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு திருப்பூரில் ராமநாதபுரத்தைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால், அவருடைய வருத்தத்தைப் பார்த்துச் சிரிக்கவும் மனசு வரவில்லை. ராமநாதபுரம் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று சினிமாவில் அமைச்சர் மிரட்டுவாரே, அந்தக் காடு. சீமைக் கருவேலம், கரிமூட்டம், வானம் பார்த்த மிளகாய், கரையோரத்தில் மீன். 1985-ல் பழைய ராமநாதபுரம் ஜில்லாவை மூன்றாக வெட்டினார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். அந்த மூன்று துண்டுகளும்தான் தேர்ச்சிப் பட்டியலின் தலைமாட்டில் மாறி மாறி வந்து உட்காருகின்றன. ராத்திரி எட்டு மணி வரை வகுப்பு, சுண்டல், வராத பையனின் வீட்டுக் கதவைத் தட்டுகிற டீச்சர் என்று இதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. இத்தனை வருஷமாக இளக்காரமாகப் பேசப்பட்ட ஊர், ‘எங்க பிள்ளைகளைப் பாருய்யா’ என்று சொல்லிக்கொள்ள ஒரு பட்டியல் கிடைத்தால் சொல்லட்டுமே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2017 பிளஸ் டூ ரிசல்ட்டில் விருதுநகர் முதலிடம், ராமநாதபுரம் இரண்டாமிடம். அடுத்த வருஷமே மத்திய அரசு, நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள். எவை தெரியுமா? அதே விருதுநகர், அதே ராமநாதபுரம்! இரண்டு பட்டியலுமே பொய் இல்லை. ஒன்று பரீட்சையை அளந்தது. இன்னொன்று உடம்பு, சோறு, தண்ணீர், சாலை என்று வாழ்க்கையையும் சேர்த்து அளந்தது. பிள்ளை பாஸ் ஆகிவிட்டான். ஆனால், பாஸ் ஆனவனுக்கு ஊரில் வேலை இல்லை.

இதை ஹெச்.எம்.மிடம் சொன்னேன். ‘‘அதெல்லாம் கலெக்டர் கவலை சார். எங்க கவலை அந்த நூறு’’ என்றார்.

நம் எல்லோருடைய கவலையும் அந்த நூறுதானே? என் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நான் என்ன செய்தேன்? தெருமுனையில் மாநகராட்சிப் பள்ளி இருந்தது. அதைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய், வாசலில் சென்டம் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவைப் பேனர் கட்டி வைத்திருந்த பள்ளியில் சேர்த்தேன். அங்கே நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். வடிகட்டின தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, ‘பாருங்க, எங்க குடம் எவ்வளவு சுத்தம்’ என்று காட்டுகிற வித்தை அது. அப்போதே எனக்கு அது புரிந்துதான் இருந்தது. இருந்தும் சேர்த்தேன். என்னைப் போல ஒவ்வொருவராகக் கையை விட்டதில், தெருமுனைப் பள்ளியில் சத்தம் போட்டுக் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் இல்லாமல் போனார்கள். என் பிள்ளைக்கு நல்லது செய்தேனா? செய்தேன். மற்ற பிள்ளைகளுக்கு? இந்த இரண்டாவது கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

என் சித்தி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நியூஜெர்ஸியில் வீடு வாங்கினான். சமையலறை எப்படி, காற்று வருமா என்றெல்லாம் கேட்டேன். ‘‘அதை விடுண்ணா, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பத்துக்கு ஒன்பது’’ என்றான். அங்கே நீ எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ, அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிதான் உன் பிள்ளைக்கு. பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தப் பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. நல்ல மார்க் வாங்கும் பகுதியில் வீட்டு விலை ஏறும். விலை ஏறினால் வரி கூடும், வரி கூடினால் பள்ளி இன்னும் நன்றாகும். பக்கத்துப் பகுதி அதற்கு நேர் எதிராக இறங்கும். பள்ளிக்கு மார்க் போடுவதாக நினைத்துக்கொண்டு, அப்பாவின் சம்பளத்துக்கு மார்க் போடுகிறார்கள்.

அந்த மார்க்குக்காக என்னவெல்லாம் நடக்கும் என்பதையும் அந்த ஊர்தான் காட்டியது. அட்லாண்டா நகரத்தில் 2009-ல் நடந்த தேர்வில் 44 பள்ளிகளில் முறைகேடு என்று 2011-ல் விசாரணை அறிக்கை சொன்னது. பிள்ளைகள் எழுதிய தப்பான விடைகளை ரப்பரால் அழித்துத் திருத்தியவர்கள் யார்? ஆசிரியர்கள்! 2015-ல் பதினோரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் எல்லோருமே கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. பள்ளியின் எண் குறைந்தால் வேலை போகும், பள்ளியே மூடப்படலாம் என்கிற பயத்தில் வகுப்பறையில் நின்றவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஹெச்.எம். ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சத்திரக்குடி தாண்டியிருக்கும்.

‘‘ரப்பரெல்லாம் எதுக்கு சார்? நம்ம ஊர்ல பேரையே அழிக்கலாம்’’ என்றார்.

2011-ல் நடந்ததாம். அப்போது அவர் கடற்கரையோரம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். பத்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் ஒரு பையன், சுமாராகப் படிப்பவன், கணக்கு மட்டும் வராது. தீபாவளி முடிந்த கையோடு அவன் அப்பா போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. அப்பா யாழ்ப்பாணம் ஜெயிலில். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும். பையன் படகில் கூலியாளாக ஏறிவிட்டான். இரண்டு மாசம் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. பொங்கல் கழித்து ஒருநாள் வந்து நின்றான். கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு. ‘‘சார், நான் பரீட்சை எழுதறேன் சார்’’ என்றானாம்.

‘‘அந்த வருஷம் எப்படியும் நூறு வந்துரும்னு மேலெடத்துல சொல்லியிருந்தேன். முப்பத்தியோரு பேரும் கண்டிப்பா பாஸ். இவன் எழுதினா கணக்குல போயிருவான். 96.88. மீட்டிங்குல எந்திரிச்சு நிக்கச் சொல்வாங்க சார், எல்லா ஹெச்.எம்.மும் பாக்க. அதனால, ‘இந்த வருஷம் வேணாம்ப்பா, அடுத்த வருஷம் நல்லாப் படிச்சு எழுதிக்கலாம்’னு தட்டிக்குடுத்து டி.சி.யைக் கையில குடுத்து அனுப்பிட்டேன். அவனும், ‘சரிங்க சார்’னு தலையாட்டிட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தான்னாகூட விட்டிருப்பேன்.’’

நூறு வந்தது. கேடயம் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

‘‘பொய் சொல்லலையே சார். முப்பத்தியோரு பேர் எழுதினாங்க, முப்பத்தியோரு பேர் பாஸ்’’ என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தேர்ச்சி விகிதம் என்பது எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்கிற கணக்கு. எழுதாதவன் அதில் வரவே மாட்டான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வரவில்லை என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? நாலு நாள் பேசினோம். மே மாதம் விகிதம் வந்ததும் எந்த மாவட்டம் ஃபர்ஸ்ட் என்று பார்க்கப் போய்விட்டோம். பெயிலாகி, துணைத் தேர்வு எழுதி ஜூலையில் பாஸ் ஆகிறானே, அவனையும் மே மாதப் பட்டியல் சேர்த்துக்கொள்ளாது. விழுந்து எழுந்தவனுக்கு எந்த மாவட்டத்திலும் ரேங்க் கிடையாது.

2017-ல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்துவதை அரசு நிறுத்தியது. பிள்ளைகளின் மனசு பாதிக்கப்படுகிறது என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால், மாவட்டங்களின் தரவரிசை மட்டும் அப்படியே தொடர்ந்தது. மாவட்டத்துக்கு ஏது மனசு என்று நினைத்துவிட்டார்கள் போல. அது கலெக்டரிலிருந்து கல்வி அதிகாரிக்கு, அவரிடமிருந்து ஹெச்.எம்.முக்கு, அவரிடமிருந்து கடைசி பெஞ்சுக்கு இறங்கி வந்துவிடுகிறது.

பட்டியலே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. 2024-ல் பத்தாம் வகுப்பில் வேலூர் 82.07 வாங்கிக் கடைசியில் நின்றது. பட்டியல் இல்லாவிட்டால் அது யாருக்குத் தெரியும்? ஆசிரியர் இல்லையா, பஸ் இல்லையா, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்களா என்று அங்கே போய்ப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது. பட்டியலைக் கீழேயிருந்து மேலாகப் படித்தால், எங்கே முதலில் ஓட வேண்டும் என்று அது சொல்லும். நாம் மேலேயிருந்து படிக்கத் தொடங்கி மூன்றாவது வரியோடு பேப்பரை மடித்துவிடுகிறோம்.

இந்தக் கரையில் பள்ளிக்கூடப் பேச்சு எடுத்தால் யாராவது அப்துல் கலாமைக் கொண்டுவராமல் இருக்க மாட்டார்கள். ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஏறிய ஒருவர், பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு, ‘‘கலாம் அய்யா படிச்ச மண்ணு சார் இது’’ என்றார். உண்மைதான். ராமேஸ்வரம் ஊராட்சித் தொடக்கப் பள்ளி, பிறகு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. ஆனால், ஒரு கலாமைக் காட்டி ஒரு பள்ளியை அளப்பதும், 98.48-ஐக் காட்டி அளப்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கலாம் தன் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சின்ன வயசு நண்பர்கள் மூவரைச் சொல்கிறார். ராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன். முதலாமவர் கோயிலில் அர்ச்சகர் ஆனார். இரண்டாமவர் யாத்ரீகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிற தொழிலுக்குப் போனார். மூன்றாமவர் ரயில்வேயில் உணவு கான்ட்ராக்டர். நான்காமவர் ராக்கெட் விட்டு, ஜனாதிபதி ஆனார். இந்த நாலு பேரில் மூவரைப் பள்ளியின் தோல்வி என்பீர்களா?

ஐந்தாம் வகுப்பில், புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், அர்ச்சகர் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியதையும் அதே நூலில் சொல்லியிருக்கிறார். சாஸ்திரியின் அப்பா அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார், ஆசிரியரும் திருந்தினார். அந்தப் பள்ளியில் அன்று நடந்த பெரிய பாடம் அதுதான். அதை எந்தப் பட்டியலில், எத்தனை சதவிகிதம் என்று போடுவது? விருதுநகர்க்காரர் காமராஜர் ஆறாம் வகுப்போடு நின்றவர். அவரும் எந்தத் தேர்ச்சி விகிதத்திலும் வர மாட்டார்.

உச்சிப்புளி வந்தது. ஹெச்.எம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

‘‘அந்தப் பையன் அடுத்த வருஷம் வந்தானா?’’ என்று கேட்டேன்.

‘‘வரல சார். கல்யாணமாகி இப்ப மண்டபத்துல இருக்கான். சொந்தமா வல்லம் வச்சிருக்கான். ஒரு பொம்பளப் பிள்ள, அஞ்சு வயசு.’’ கொஞ்சம் நிறுத்தினார். ‘‘போன வாரம் போன் பண்ணினான். என் நம்பரை யார்கிட்டயோ கேட்டு வாங்கியிருக்கான். ‘சார், பாப்பாவை ஒண்ணாவது சேக்கணும். எந்தப் பள்ளிக்கூடம் சார் நல்ல பள்ளிக்கூடம்? உங்களுக்குத்தான் தெரியும்’கிறான்.’’

‘‘என்ன சொன்னீங்க?’’

‘‘நேர்ல வந்து சொல்றேன்னேன்.’’

மண்டபத்தில் வண்டி நின்றது. பேப்பரை நாலாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகளெல்லாம் கரையோரமாக வரிசையாக நின்றிருந்தன. பிளாட்பாரத்தில் ஒரு இளைஞன், இடுப்பில் ஒரு குழந்தையோடு, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.