இவருக்கு என்ன பிடிக்கும்?

ஒரு வெசாக் மாலை. பெரியகல்லாற்றுப் பிரதான வீதியோரம் இராணுவத்தார் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் கொட்டில் போட்டிருந்தார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கும் கட்டச்சம்பலும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ்களை மறித்து ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டிலின் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் முழ உயரத்தில் புத்தர், முன்னால் தட்டத்தில் தாமரை மொட்டுகள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி தன் பங்குக் கிழங்கை வாங்கிய பிறகும் நகரவில்லை. சிலையைக் காட்டி, பரிமாறிக்கொண்டிருந்த பொடியனிடம் கேட்டாள்: "ஆமி மாமா, இவருக்கு என்ன புடிக்கும்?"

அவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அவளைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான். கையிலிருந்த அகப்பையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போனான். அங்கே கதிரையில் இருந்து வெசாக் கூட்டுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த மூத்த ஆள் ஒருவரிடம் குனிந்து ஏதோ கேட்டான். அவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். இரண்டொரு சொல் பேசினார்கள். பொடியன் திரும்பி வந்து, "ஒண்டும் வேணாம், நங்கி" என்றான்.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை அதை மறந்துவிட்டாள். எனக்குத்தான் விட்டுப் போகவில்லை. என்னை உறுத்துவது அவன் சொன்ன பதிலல்ல, அவன் போய்க் கேட்டுவிட்டு வந்தது. கேள்வி விளங்காமல் போகவில்லை. அவன் தமிழ் திக்கினாலும் போதுமான தமிழ்தான். பிறந்த நாளிலிருந்து முழுநிலாப் போயாவுக்குப் போயா விகாரையில் பூ வைத்து வளர்ந்திருப்பான். அப்படிப்பட்டவனுக்கு இதைச் சொல்ல இன்னொருவரிடம் போக வேண்டியிருந்ததா? இல்லாவிட்டால், ஒரு சின்னப்பிள்ளையின் கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்லக்கூடாது என்று நினைத்தானா?

பிள்ளை கேட்டதில் புதுமை இல்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கேட்கும். பிள்ளையாருக்கு மோதகம். கண்ணகி அம்மனுக்கு என்ன பிடிக்கும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது அம்மம்மா. வருசத்தில் வைகாசியில்தான் அம்மன் கோயில் கதவு திறக்கும். கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, நெற்குற்றி, கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவள், அவளுக்குச் சூடு தணிய வேண்டும், அதனால் அவளுக்குத் தண்ணியும் வேப்பிலையும் பிடிக்கும் என்பார் அம்மம்மா. விடிய விடிய வழக்குரை பாடுவார்கள். நான் அம்மம்மாவின் மடியில் தூங்கிவிடுவேன். குளிர்த்திப் பாட்டு தொடங்கியதும் உலுப்பி எழுப்புவார், அந்தத் தண்ணீர் மேலில் பட வேண்டும் என்பதற்காக. என் சமயம் எனக்கு அறிமுகமானது அப்படித்தான், தூக்கக் கலக்கத்தில், முகத்தில் தெறித்த தண்ணீராக. நான் எதை நம்புகிறேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, இன்றைக்குவரை கேட்கவில்லை.

அதே கண்ணகியைத்தான் சிங்களப் பௌத்தர் பத்தினி தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். கணநாத் ஒபயசேகர அவளைப் பற்றிப் பெரிய ஆய்வு நூலொன்றே எழுதியிருக்கிறார், 1984இல் வெளிவந்தது. எங்கள் கொம்புமுறி விளையாட்டு அவர்களிடம் அங்கெலிய. அம்மம்மாவுக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால், "அவங்களுக்கும் அம்மன் சுகம் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடித்திருப்பார்.

அந்தப் பொடியனின் பதிலுக்குப் பாளி நூல்களில் ஆதாரம் இருக்கிறது. புத்தர் குசிநாராவில் இரட்டைச் சால மரங்களுக்கிடையில் கடைசியாகச் சாய்ந்திருந்தபோது, பருவமில்லாத பருவத்தில் அந்த மரங்கள் பூத்து அவர் உடம்பின் மேல் சொரிந்தனவாம். அவர் ஆனந்தரிடம், என்னைப் போற்றுவது இப்படியல்ல, தம்மத்தின்படி நடப்பவரே என்னை மெய்யாகப் போற்றுகிறார் என்ற கருத்தில் சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தம் கூறுகிறது. ஆகவே ஒன்றும் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் மேசையில் தாமரை இருந்ததே! பௌத்தர் பூ வைக்கும்போது சொல்கிற பாளி வரிகளின் கருத்தை ஒரு நண்பர் எனக்கு விளக்கியிருக்கிறார்: இந்தப் பூ வாடுவதுபோல என் உடம்பும் அழியும் என்று நினைப்பதற்காக வைப்பது. அப்படியென்றால் அந்தப் பூ வைக்கிறவருக்கு, புத்தருக்கு அல்ல. ஏழு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? கொட்டிலுக்குப் பின்னால் போனவனுக்கு அதுதான் சிக்கலாக இருந்திருக்குமோ என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், சும்மா வெட்கத்தில் போயிருப்பான் என்றும் தோன்றும்.

போய்க் கேட்டவர்கள் என்றால் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருவார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுப்படி ஏறிக் கேட்டார். மணிமேகலைக்கு வந்தபோது கேட்பதற்குத் தமிழ்நாட்டில் பௌத்தரே இல்லை. கல்லூரித் தோழர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை அச்சில் வந்தபோது கூடவே புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று அவரே எழுதிச் சேர்த்திருந்தார். திருநீறு பூசிய ஒரு சைவர், ஒரு வைணவரிடம் கேட்டு, வெள்ளைக்காரர் எழுதியதன் வழியாக, தமிழருக்குப் புத்தரை மறுபடி அறிமுகம் செய்தார். உள்ளே இருப்பவர்தான் அறிமுகம் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

மணிமேகலையைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அமுதசுரபி மட்டும்தான் மனதில் நின்றது. பின்னர் எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பாத்திரம் கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வருவது வைகாசி முழுநிலவில், புத்தர் பிறந்த நாளில், என்று கண்டேன். அதாவது வெசாக்கில். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் சொல்லும் ஒழுங்கு யோசிக்கத்தக்கது. நூலில் முப்பது காதைகள். பாத்திரம் பதினோராவதில் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு பசித்தவருக்குச் சோறு, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவது, வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களைப் பொறுமையாகக் கேட்பது. அறவண அடிகள் பன்னிரு சார்புகளை விளக்கி அவள் மும்மணியைச் சரணடைவது கடைசிக் காதையில். முதலில் சோறு, பிறகு மற்றவர்கள் சொல்வதைக் கேட்பது, எல்லாம் முடிந்துதான் கொள்கை. இதை நினைக்கும்போது அந்தத் தன்சல் சரியான இடத்தில்தான் தொடங்கியது என்று படுகிறது. மரவள்ளிக் கிழங்கும் ஒரு வகை அமுதம்தான், கட்டச்சம்பல் கொஞ்சம் உறைத்தாலும்.

ஆனால் இந்த ஒப்புமையில் எனக்கு நிம்மதி இல்லை. அமுதசுரபியை முன்பு ஏந்திய ஆபுத்திரன் கையிலோ மணிமேகலை கையிலோ வேறெதுவும் இருக்கவில்லை. இங்கே கொட்டிலுக்கு இருபது யார் தள்ளிக் காவலரண். எங்கள் தலைமுறைக்குப் புத்தர் வந்தது அப்படித்தான்: சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் நட்ட அரச மரமாக, முகாம் வாசலில் மின்விளக்கு மாலையோடு. 1972 தொடக்கம் அரசியல் யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம். ஒரு ஊரில் புதிதாகச் சிலை வைத்தால் முதலில் காணியைப் பற்றித்தான் பேச்சு எழும், தம்மத்தைப் பற்றி அல்ல. தெற்கே தீகவாபி அதிகத் தூரமில்லை. பழைய தூபி, பார்க்க வேண்டிய இடம். எங்கள் ஊரிலிருந்து அதைச் சும்மா பார்க்கப் போனவர்களை எனக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையைக் கடல் எடுத்த நாளும் ஒரு போயாதான், சங்கமித்தை வெள்ளரசுக் கிளை கொண்டுவந்ததை நினைக்கிற உந்துவப் போயா. அதையே நான் பிற்காலத்தில், ஒரு கலண்டரைப் பார்த்துத்தான் அறிந்தேன். அயல்வீட்டார் சமயம் அவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே சமயத்தின் கதை வேறு. தமிழ்நாட்டின் அயோத்திதாசர் 1898இல் பிரம்மஞான சபையின் ஒல்கொட்டுடன் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டு போனார். அம்பேத்கர் 1956 ஒக்டோபர் 14இல் நாகபுரியில் சரணம் சொல்லி, தன் மக்களுக்கு இருபத்திரண்டு உறுதிமொழிகளும் கொடுத்தார். அவர்களுக்குப் பௌத்தம் சாதியிலிருந்து வெளியேறுகிற கதவு. எங்களுக்கு அது ஆள் காவல் நிற்கிற கதவு. ஒரே புத்தர்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் புதிதாக வருகிறவர் புத்தரை அல்ல, கதவைத்தான் முதலில் பார்க்கிறார்.

அப்படியானால் அந்தப் பொடியன் காவல்காரனா, அறிமுகம் செய்கிறவனா? இரண்டும்தான் போல. பதில் தெரிந்தவன்போல நின்றிருந்தால் முதலாவது மட்டும்தான் என்று முடிவு செய்திருப்பேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்குப் பதில்கள் தெரியும். அவர் பள்ளிக்கூடம் திறந்தார், எங்கள் முன்னோர் எழுத்தும் எண்ணும் படித்தார்கள், சிலர் வேதக்காரர் ஆனார்கள். ஒல்கொட் 1881இல் எழுதிய பௌத்த வினாவிடையிலும் எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு. நல்ல நூல்தான். ஆனால் என் பேத்தியின் கேள்வி அதில் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

புதிதாக வந்த ஒருவரைப் புத்தரே எப்படி எதிர்கொண்டார் என்பதற்கு ஒரு கதை உண்டு. உபாலி என்றொரு பணக்கார இல்லறத்தார், சமணர். புத்தரை வாதத்தில் வெல்ல வந்து, அவர் பேச்சில் மனம் மாறி, உடனே உங்களைச் சரணடைகிறேன் என்கிறார். புத்தர் அவசரப்படுத்தவில்லை. நன்றாக ஆராய்ந்து பார், உன்னைப்போன்ற பெயர்பெற்றவர் ஆராய்ந்து செய்வதே நல்லது என்கிறார். அதோடு, இவ்வளவு காலமும் உன் வீட்டுக்கு வந்த சமணத் துறவிகளுக்குத் தொடர்ந்து சோறு போடு என்கிறார். மச்சிம நிகாயத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவரை இப்படி வாசலில் நிறுத்திப் பழைய வீட்டை நினைவூட்டுகிற சமயத் தலைவர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

இந்தக் கதையைப் பேத்திக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவள் தாய்க்குச் சம்மதம். "சைவப் புத்தகத்தையும் படிச்சு முடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். உபாலி கதைக்குப் பிறகு பஞ்சசீலம் வரும். முதலாவது, உயிரைக் கொல்லாமை. அங்கேதான் எனக்கு வாய் அடைக்கிறது. அந்த மாமாக்கள் ஏன் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று அவள் கேட்பாள். நம்முடைய பொடியன்களும் முருகன் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அதைத்தானே தூக்கினார்கள் என்பதையும் நான் சொல்ல வேண்டி வரும். முதலாம் சீலத்தைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். களவெடாமை சொல்வதற்குச் சுகம். அப்படித் தொடங்கினால் அது பௌத்தமாக இருக்குமா என்று தெரியவில்லை.