வாயில்லா ஜீவனுக்காக அழலாமா?



வீட்டில் வளர்த்த நாய் செத்துப்போனால் கிறிஸ்தவன் அழலாமா? அதன் சாவுக்குக் காரணமென்று தான் நினைக்கும் வைத்தியரை ஊரறியப் பழிக்கலாமா? இந்த இரண்டு கேள்விகளும் சென்ற ஞாயிறன்று பூசைக்குப் பின் ஒன்றாகவே என்னிடம் வந்தன. கேட்டவர்கள் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனாரும் அவருடைய சிறுமகளும். அவர்கள் சம்மதத்தின்பேரில், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

தெருவில் கிடந்த குட்டியொன்றை அவர்கள் எடுத்து வளர்த்தார்கள். நாலாம் மாதத்தில் அது வாந்தியெடுத்தது. மறுநாள் இரத்தமாய்க் கழிந்தது. பையில் வைத்துப் பக்கத்து நகரத்திலுள்ள ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அவர் குட்டியைப் பையிலிருந்து எடுக்கக்கூடச் சொல்லாமல், கைப்பேசியில் யாரோடோ பேசிக்கொண்டே ஓர் ஊசி போட்டு, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். என்ன வியாதி, பிழைக்குமா என்று ஒரு வார்த்தை இல்லை. இரவில் அழைத்தபோது எடுக்கவுமில்லை. விடியுமுன் குட்டி போய்விட்டது.

"சாகப்போகுதுன்னு சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன், சாமி" என்றாள் அந்தப் பிள்ளை.

முதற் கேள்விக்கு வேதாகமமே பதில் சொல்லும். தாவீது இராஜாவுக்கு அவர் பாவத்தை உணர்த்த வந்த நாத்தான் தீர்க்கதரிசி என்ன கதை சொன்னார்? ஓர் ஏழைக்கு ஒரே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் உணவையே தின்று, அவன் மடியில் உறங்கி, பெற்ற மகளைப்போல் வளர்ந்தது. அதைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கி விருந்து சமைத்தான். கேட்ட இராஜா, "ஆடுதானே, போகட்டும்" என்று சொல்லவில்லை, கொதித்தெழுந்தார். அந்த ஏழையின் பாசம் யாருக்கும் விளங்கும் என்று நம்பியல்லவா தீர்க்கதரிசி கதையையே கட்டினார்! ஆகையால், "போயும் போயும் நாய்க்கா அழுகிறாய்?" என்று பேரப்பிள்ளைகளை அதட்டும் பாட்டிமார் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மணிக்கு ஒரு பூசை வைப்பீங்களா?" என்றும் அவள் கேட்டாள். மரித்த மனிதரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுப்பதுபோல் ஒரு பிராணிக்காகப் பூசை வைப்பதற்கில்லை. மிருகத்தின் ஜீவன் சரீரத்தை விட்டுத் தனித்து நிற்பதில்லை என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்தது. பாவமறியாத ஜீவனுக்குப் பாவப்பொறுத்தலும் வேண்டியதில்லை. ஆனாலும் சர்வேசுரன் தம் சிருஷ்டிகளை முடிவில் என்ன செய்வார் என்பதை அளந்து சொல்ல நாம் யார்? ஒரு சிட்டுக்குருவியையும் அவர் மறப்பதில்லை என்று சேசுநாதர் சொல்லியிருக்கிறார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் நிருபத்தில், நித்திய வாழ்வில் மற்றச் சிருஷ்டிகளுக்கும் புதுப்பொலிவோடு இடமுண்டு என்று நம்பிக்கையோடு பேசுகிறார். இந்த அளவில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன். மணியைத் தந்ததற்கு நன்றியாகவும், வீட்டாரின் ஆறுதலுக்காகவும் பூசையில் நினைத்துக்கொள்வதாகச் சொன்னேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

தகப்பனாருக்குத்தான் போதவில்லை. "அவன் வைத்தியனல்ல, கொலைகாரன், ஊரெல்லாம் சொல்லப்போகிறேன்" என்றார்.

இங்கே நிதானம் வேண்டும். அவர் சொன்ன குறிகளைப் பார்த்தால் அது பார்வோ நோய் என்றே தோன்றுகிறது. 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் தெரியவந்த இந்த வைரஸ் குட்டியின் குடலைத் தாக்கி, நீரையும் இரத்தத்தையும் வடித்துவிடும். வைரஸைக் கொன்று நோயைத் தீர்க்க நிச்சயமான மருந்தில்லை; நரம்பில் திரவம் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடல் தானே போராடும்வரை தாங்கிப்பிடிப்பதுதான் வைத்தியம். அதைச் செய்தும் இறக்கும் குட்டிகள் உண்டு. ஆகவே குணமாகவில்லை என்பது மட்டும் குற்றமாகாது. நிச்சயமில்லாமல் ஒருவரைக் கொலைகாரனென்பது எட்டாம் கற்பனைக்கு விரோதம்.

ஆனால் தொட்டுப் பார்க்காதது? ஆபத்தைச் சொல்லாதது? இவை நோயின் கொடுமையல்ல, மனிதனின் கவனக்குறைவு. பணம் கொடுத்தவருக்கு நியாயப்படி உரியது பிழைக்க வைப்பதாக வாக்குறுதியன்று, பரிசோதனையும் உண்மையும். அந்த உண்மை கிடைத்திருந்தால் ஒரு பிள்ளை விழித்திருந்து தன் குட்டியைத் தடவிக்கொடுத்திருப்பாள். இதை மன்னிப்பு என்ற பெயரால் மூடிவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டேன். தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. நம் கோபத்தில் எவ்வளவு பங்கு பிறர்மேல், எவ்வளவு பங்கு நம்மேலேயே என்பது நமக்கே சுலபத்தில் தெரிவதில்லை. அதற்காக வைத்தியரின் குறை இல்லாமற் போகாது.

முதலில் அவரிடம் தனியே போய், நடந்ததை மட்டும் சொல்லும்படி யோசனை சொன்னேன். சேசுநாதர் காட்டிய வழி அதுவே. கேளாவிட்டால் முறையிட இடமுண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, வைத்தியர்களைப் பதிவுசெய்யும் மன்றம் நம் மாநிலத்திலும் இருக்கிறது. எழுதுகிறவர்கள் நாளும் நேரமும் பணமும் குறித்து, பார்த்ததை எழுதுங்கள், வசைச்சொல்லை விட்டுவிடுங்கள். கிராமத்து மாட்டாஸ்பத்திரிகளில் சுற்றுவட்டாரத்து ஆடுமாடுகளையெல்லாம் ஒருவராய்ப் பார்த்துக் களைத்துப்போகும் நல்ல வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஒருவர் குறைக்காக அவர்களையெல்லாம் தூற்றுவது அநியாயம்.

குட்டி வளர்க்கும் மற்றக் குடும்பங்களுக்கு: பார்வோ தடுப்பூசியை ஒன்றரை மாதத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, நாலு மாதம் நிறையும்வரை போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சத்து முதல் ஊசிகளைத் தடுத்துவிடக்கூடும்; ஆகையால் ஒன்றோடு நிறுத்துவது போதாது. நோய்கண்ட முற்றத்தில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். ஜனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாளன்று பிராணிகளை மந்திரிக்கக் கொண்டுவருகிறவர்கள், ஊசி முடியாத குட்டிகளை வீட்டிலேயே விட்டு வாருங்கள். அவற்றுக்கு நானே வீடு தேடி வந்து மந்திரிக்கிறேன்.

உங்கள் பங்குச் சுவாமி