கதைத் தீயவனும் இரசிகர் மனச்சான்றும்

கதையில் வரும் கொடியவன் ஒருவன் பிடிபடாமல் தப்ப வேண்டுமென்று உள்ளூர விரும்புவது பாவமாகுமா? பங்கு இளையோர் சிலர் நம்மிடம் கேட்ட இவ்வினாவை நகைத்து ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்டிருந்தது 'பிரேக்கிங் பேட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 2008 சனவரி 20 அன்று தொடங்கி 2013 செப்டம்பர் 29 அன்று 62ஆம் பகுதியோடு நிறைவுற்ற இத்தொடர், இன்று கைப்பேசி வழியே நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. முழுவதையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ இரண்டு பகலும் இரண்டு இரவும் வேண்டும். (சிலுவைப்பாதை அரை மணியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்போரும் இதற்கு நேரம் கண்டுபிடித்துவிடுகின்றனர் என்பதை நாம் வருத்தத்தோடு அன்று, வியப்போடுதான் குறிப்பிடுகிறோம்.)

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் வாழும் வால்டர் ஒயிட் ஐம்பது வயதை எட்டிய பள்ளி வேதியியல் ஆசிரியன். ஊதியம் போதாமையால் பள்ளி விட்டபின் கார் கழுவும் நிலையத்தில் வேலை செய்கிறான். அங்கே தன் மாணவனின் காரையே மண்டியிட்டுத் துடைக்க நேர்கிறது. மகன் ஊன்றுகோலின் துணையோடு நடப்பவன்; மனைவி ஸ்கைலர் கருவுற்றிருக்கிறாள். இந்நிலையில் அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர் கூறுகிறார். தான் இறந்தபின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு, ஜெஸ்ஸி பிங்க்மன் என்னும் பழைய மாணவனைத் துணை சேர்த்து, மெத்தாம்பெட்டமைன் என்ற கொடிய போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறான். அவனுடைய சகலன் ஹாங்க் போதைப்பொருள் தடுப்புத் துறையின் அதிகாரி. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த வின்ஸ் கில்லிகன் என்பவரே இத்தொடரைப் படைத்தவர். நல்லாசிரியன் ஒருவனைப் படிப்படியாகக் கொலைகாரக் கும்பல் தலைவனாக மாற்றிக் காட்டுவதே தம் நோக்கம் என்று அவர் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். ஆகவே, பார்வையாளர் எவரும் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல வழியில்லை.

ஏமாறுவதற்கு வழி இல்லாதிருந்தும் மனம் அவனை விடவில்லை. முதல் பகுதியிலேயே அவனுடைய நோயையும் அவமானத்தையும் நாம் பார்த்துவிடுகிறோம். அவன் மனைவிக்குத் தெரியாத மறைபொருள் நமக்குத் தெரியும். அவன் பொய் சொல்லும்போது அப்பொய்யின் காரணத்தை அறிந்தவர்கள் நாம். அவன் பதறும்போது உடன் பதறுகிறவர்களும் நாமே. இவ்வாறு கதவுக்கு அப்பால் நிற்கும் சட்டம் நமக்கும் பகையாகிவிடுகிறது.

இத்தனைக்கும் உண்மை வெகு சீக்கிரத்தில், ஐந்தாம் பகுதியிலேயே, வெளிப்பட்டுவிடுகிறது. செல்வரான பழைய நண்பர் எலியட்டும் அவர் மனைவி கிரெட்சனும் சிகிச்சைச் செலவு முழுவதையும் தாமே ஏற்க முன்வருகின்றனர். வால்டர் மறுத்துவிடுகிறான். குடும்பத்துக்காகவே எல்லாம் செய்தவன் அன்றே கை நீட்டி அவ்வுதவியைப் பெற்றிருப்பான். தலையான பாவங்கள் ஏழினுள் செருக்கை முதலில் வைத்த நம் முன்னோர்க்கு இந்த ஒரு காட்சியே போதுமானதாயிருந்திருக்கும். பார்வையாளர் பலர்க்கோ இதன்பின் ஐம்பத்தேழு பகுதிகளும் போதவில்லை. மயக்கத்தில் மூச்சுத்திணறும் ஜேன் என்ற இளம்பெண்ணைக் காப்பாற்றாமல் அவன் நின்று பார்த்தான். பிராக் என்ற சிறுவனுக்கு நஞ்சூட்டினான். அப்போதும், 'பாவம், வேறு என்ன செய்வான்?' என்று சொல்ல ஆளிருந்தது.

இனி இறுதிப் பருவத்துக்கு வருவோம். பதினாறு பகுதிகள் கொண்ட அது, 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் இரு கூறாக ஒளிபரப்பாயிற்று. முதல் பகுதியை அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் பார்த்திருக்க, கடைசிப் பகுதியை ஒரு கோடியே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அவ்விறுதிப் பருவத்தில் வால்டருக்குச் சாக்குப்போக்கு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பதில் கில்லிகன் உறுதியாயிருந்தார் என்றே தோன்றுகிறது. தொடர்வண்டிக் கொள்ளை ஒன்றைத் தற்செயலாய்ப் பார்த்துவிட்ட ட்ரூ ஷார்ப் என்ற சிறுவனை வால்டரின் கூட்டாளி சுட்டுக் கொல்கிறான். உடலை அமிலத்தில் கரைத்துவிடுகிறார்கள். சிறுவனைக் காணோம் என்னும் செய்தி தொலைக்காட்சியில் வருகிறது. வால்டர் ஜெஸ்ஸியிடம் இரண்டு ஆறுதல் மொழி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். சற்று நேரத்தில் சீழ்க்கையடித்துக்கொண்டே வேலை செய்கிறான். தொடர் முழுவதிலும் நம்மை மிகவும் அச்சுறுத்தியது துப்பாக்கிகளன்று, அந்தச் சீழ்க்கை ஒலிதான்.

அப்பருவம் நடந்துகொண்டிருந்தபோது இரசிகருள் ஒரு பெருங்கூட்டத்தின் வெறுப்பு யார்மேல் பாய்ந்தது? கொலைகாரன் மீதன்று, அவன் மனைவி ஸ்கைலர் மீது. நச்சரிக்கிறாள், நன்றி கெட்டவள், கணவனின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்றெல்லாம் அவளை ஏசினார்கள். ஸ்கைலரும் மாசற்றவள் அல்லள். மணவாழ்வுக்குத் துரோகம் செய்தாள், பின்னர்க் கள்ளப்பணத்தை நல்ல பணமாக்கவும் உதவினாள். ஆயினும், கொலைகளை மன்னித்தவர்கள் இவற்றை மன்னிக்கவில்லை என்பதுதான் வியப்பு. வெறுப்பு கதையோடு நிற்கவுமில்லை. அப்பாத்திரமேற்று நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டு மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மீதிருந்த பகைமை தம்மீதே திரும்பியதையும், தம்மைக் கொல்வதற்குத் தாம் எங்கே கிடைப்பார் என்று ஒருவர் கேட்டு எழுதும் அளவுக்கு அது முற்றியதையும் அதில் குறிப்பிட்டிருந்தார். அடுத்த மாதமே அதே நடிப்புக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது என்பது வேறு செய்தி.

இங்கே புனித அகுஸ்தினாரை நினைக்காமலிருக்க முடியவில்லை. இளமையில் கார்த்தேசு நகரத்து நாடக அரங்குகளில் மயங்கிக் கிடந்ததைத் தம் தன்வரலாற்றின் மூன்றாம் நூலில் அவர் ஆராய்கிறார். தனக்கு நேரிட்டால் தாங்கமாட்டாத துயரத்தைக் கண்டு அழுவதற்கென்றே மனிதன் அரங்குக்குப் போவானேன் என்று வியக்கிறார். ஆறாம் நூலில் வரும் அவருடைய நண்பர் அலிப்பியுஸ் கதை இன்னும் கூர்மையானது. உரோமை நகரின் வாட்போர் அரங்குக்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அவர், கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். காதுகளை மூட மறந்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரிக்கவே கண்ணைத் திறந்தார்; திறந்தவர் அக்குருதியில் வெறியேறி, மறுபடி மறுபடி வருகிறவராகிவிட்டார்.

ஆனால், அரங்கில் சிந்தியது உண்மைக் குருதி. திரையில் சிந்துவது சாயம். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தீர்ப்பிடுவது நேர்மையாகாது. இவ்விடத்தில் புனித தோமா அக்குவினார் நமக்கு ஒரு நல்ல கருவியைத் தருகிறார். தீச்செயல் ஒன்றை மனத்தில் எண்ணி மகிழ்வதைப் பற்றி எழுதும்போது, எண்ணுதலில் உண்டாகும் மகிழ்ச்சி வேறு, எண்ணப்படும் செயலில் உண்டாகும் மகிழ்ச்சி வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். திருட்டைப் பற்றிய கதை திறமையாகச் சொல்லப்பட்டிருப்பதில் மகிழ்பவன் திருட்டில் மகிழ்கிறவன் ஆகமாட்டான். எண்ணத்தில் தங்கி மகிழ்வதைக் குருமடங்களில் 'தெலெக்தாசியோ மொரோசா' என்ற இலத்தீன் தொடரால் கற்பித்தார்கள். அதில் வரும் 'தங்குதல்' என்னும் சொல் நேரத்தின் நீளத்தைக் குறிப்பதன்று. விலக்கியிருக்க வேண்டிய அறிவு விலக்காமல் சுணங்கி நிற்பதையே குறிக்கிறது. ஆகையால் இரண்டு நாள் பார்த்தாயா, இரண்டு மணி பார்த்தாயா என்பதன்று கேள்வி. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஏடும், தீமையைக் கலையில் சித்தரிப்பது மனிதனை ஆழமாக அறிய உதவக்கூடும் என்று, அறநெறிக்குக் கட்டுப்பட்ட முறையில், ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால், இரசித்தல் எந்த இடத்தில் இசைவாக மாறுகிறது? தீயவனை நமக்குப் பிடித்திருக்கிறது என்பது அதன் அடையாளமன்று என்றே நாம் கருதுகிறோம். அவனுக்குத் திறமை இருக்கிறது, வேடிக்கைப் பேச்சு இருக்கிறது, நோய் இருக்கிறது, பிடிக்கத்தான் செய்யும். அவனால் துன்புற்றவர்களை நாம் வெறுக்கத் தொடங்குவதுதான் அடையாளம். அவனை இரசித்துக்கொண்டே இருப்பதற்கு, அவனை எதிர்க்கிறவள் கெட்டவளாயிருந்தாக வேண்டும் என்ற தேவை நமக்குள் எழுகிறதே, அங்கேதான் அறிவு சுணங்கி நிற்கிறது. இது திரையோடு முடிகிற காரியமுமன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவன் ஊரெல்லாம் கலகலப்பாகப் பேசிப் பழகுகிறவனாயிருந்தால், 'அந்தப் பெண்பிள்ளை வாயை அடக்கியிருந்தால் இவன் ஏன் குடிக்கப்போகிறான்?' என்று சொல்லும் நல்ல கிறிஸ்தவர்களை நாம் பணியாற்றிய ஒவ்வோர் ஊரிலும் சந்தித்திருக்கிறோம். அவர்கள் எந்தத் தொடரும் பார்த்தவர்கள் அல்லர்.

இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் சொன்ன கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதை அது. அச்செல்வன் யாரென அறியாத நிலையில் தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பளிக்கிறார். அதன்பிறகே அவன் தாமே என்று அறிகிறார். நாத்தான் முதலில் வெறுக்கவைத்து, பின்னர் அடையாளம் காட்டினார். கில்லிகனோ முதலில் அடையாளம் காண வைத்து, பிறகு வெறுக்கமுடியுமா பாருங்கள் என்று சோதித்தார். இரண்டாவது வழி கடினமானது. பலர் அதில் தேறவில்லை.

தேறாதவர்களுக்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு காட்சி 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பாயிற்று. ஹாங்க் கொல்லப்பட்டுவிட்டான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்ட வால்டர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். காவல்துறையினர் ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மனைவியைச் சட்டத்தின் பிடியிலிருந்து காப்பதற்காக, அவள் தன்னால் அடக்கி ஒடுக்கப்பட்டவளே எனத் தோன்றும்படி அவளைக் கொடுஞ்சொற்களால் ஏசுகிறான்; ஏசும்போதே அவன் கண்களில் நீர் வழிகிறது. அந்த ஏச்சு ஆண்டுக்கணக்காக இரசிகர்கள் ஸ்கைலர் மீது பொழிந்த அதே ஏச்சு. 'நியூ யார்க்கர்' இதழின் விமர்சகர் எமிலி நஸ்பாம் இதனை உடனே கவனித்து எழுதினார். தங்கள் சொற்களே ஒரு கொடுங்கணவனின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சிலர் திடுக்கிட்டனர். சிலரோ, சரியாகச் சொன்னான் என்று மகிழ்ந்தனர்.

கடைசிப் பகுதியைப் பற்றியும் இரசிகர் இரண்டுபட்டனர். அதில் வால்டர் மனைவியை இறுதியாகச் சந்தித்து, குடும்பத்துக்காக என்று இதுவரை சொன்னதெல்லாம் பொய், தனக்காகவே செய்தேன், அது தனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். பழைய நண்பர்களைக் கொலை மிரட்டலால் பணியவைத்து, தொண்ணூற்றேழு இலட்சம் டாலருக்கும் மேலான பணம் மகனுக்குச் சேர வழி செய்கிறான். அடிமைப்பட்டுக் கிடந்த ஜெஸ்ஸியை விடுவிக்கிறான். தான் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியின் குண்டே தன்மீது பாய, போதைப்பொருள் காய்ச்சும் கலங்களைத் தடவிப் பார்த்தபடி உயிர்விடுகிறான். பெரும்பாலோர்க்கு இது நிறைவளித்தது. இவனுக்கு இவ்வளவு ஒழுங்கான சாவு ஏன் தரவேண்டும் என்று வேறு சிலர் வெகுண்டனர்; இறுதி நிகழ்ச்சிகள் எல்லாம் சாகிறவன் கண்ட கனவாயிருந்திருக்கலாம் என்றுகூட நஸ்பாம் எழுதினார்.

வெகுண்டவர்களை நாம் முற்றிலும் ஆதரிக்கவில்லை. காட்சிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதிய தெர்த்துல்லியன், தம் நூலின் முடிவில், இறுதித் தீர்ப்பு நாளில் கொடுங்கோலர்கள் தீயில் வேகும் காட்சியைக் காணக் காத்திருங்கள் என்கிறார். ஓர் அரங்கின் வாயிலை அடைத்துவிட்டு மற்றோர் அரங்கில் இடம் பிடித்துக் கொடுத்தாற்போலிருக்கிறது இது. தீயவன் துடிக்கவேண்டும் என்னும் ஆவலிலும் ஒரு சுவை உண்டு, அச்சுவையும் ஆராயப்படவேண்டியதே. நிறைவடைந்தவர்கள், 'இறுதியில் மனம் மாறிவிட்டான்' என்று சொன்னதையோ நாம் ஏற்கவேயில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் வேண்டுமென்று சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வால்டரிடம் இருந்தது இரண்டாவது மட்டும்; அதுவும் பாதிதான். உண்மையைச் சொன்னான், வருந்தியதாகச் சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் தன் தண்டனை நேர்மையானது என்று ஏற்றுக்கொண்டதோடு, அருகில் தொங்கிய மாசற்றவருக்காகவும் வாய்திறந்தான். வால்டரின் ஒப்புதலில் ஜேனுக்கும் ட்ரூ ஷார்ப்புக்கும் இடமில்லை. ஜெஸ்ஸியை விடுவித்ததை மட்டும் பரிகாரத்தின் தொடக்கம் என்று வாதிடலாம்; நாமும் அதை மறுக்கமாட்டோம்.

தொடர் முடிந்த பின்னர் நடந்தவையும் சிந்திக்கத்தக்கன. 2013 அக்டோபரில் ஆல்புகர்க்கி நாளிதழில் வால்டர் ஒயிட்டின் மரண அறிவிப்பை இரசிகர்கள் கட்டணம் செலுத்தி வெளியிட்டனர். அதே மாதம் அந்நகரின் கல்லறைத் தோட்டம் ஒன்றில் அவனுக்குப் போலி அடக்கச் சடங்கு நடத்தி, கல்லும் நாட்டினர். வீடற்றோரின் மருத்துவத்துக்கு அதன்மூலம் பணம் திரட்டினர் என்பதால் அதை முற்றிலும் பழிக்கவும் இயலாது. ஆனால், அதே தோட்டத்தில் தங்கள் உறவினரை அடக்கம் செய்திருந்தவர்கள் வருந்தி எதிர்த்தனர். பின்னர் அக்கல் அகற்றப்பட்டது.

வால்டரின் இல்லமாகப் படத்தில் காட்டப்பட்ட வீட்டிலோ உண்மையில் ஒரு குடும்பம் வாழ்ந்துவந்தது. மூன்றாம் பருவத்தில், ஸ்கைலர் வீட்டுக்குள் விடாமல் கதவைச் சாத்திவிட, சினமுற்ற வால்டர் கையிலிருந்த பீட்சாவைக் கூரைமேல் எறிவான். அக்காட்சியைத் தாங்களும் நடத்திப் பார்க்க விரும்பி, இரசிகர்கள் அவ்வீட்டுக் கூரையில் ஆண்டுக்கணக்காகப் பீட்சா எறிந்தனர். நிறுத்துமாறு 2015இல் கில்லிகன் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். 2017இல் அவ்வீட்டார் சுற்றிலும் இரும்பு வேலி போட்டுக்கொண்டனர்.