நண்பனின் கொட்டாவி

ஒரு கொட்டாவி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

2025 மார்ச் 8, லண்டன், ஹேமர்ஸ்மித் அப்போலோ அரங்கம். இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த இரவு. கல்லூரி நண்பன் அங்கிருந்து படம் அனுப்பினான். இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. படத்தில் அவன் மனைவி சிரிக்கிறார். இவன் வாய் பாதி திறந்திருக்கிறது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டாவியேதான். “சூப்பர்டா, கொடுத்துவச்சவன்” என்று பதில் போட்டுவிட்டு மறுபடியும் பெரிதாக்கினேன்.

1992இல் ‘ரோஜா’ படப் பாட்டுகள் வந்ததும் ராஜா கட்சியிலிருந்து மாறியவன் இவன். “உங்க ஆளு காலம் முடிஞ்சுதுடா” என்று விடுதி அறையில் அறிவித்தான். குடும்பத்தைச் சொன்னமாதிரி சுட்டது எனக்கு. ராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ‘நம்ம பக்கத்துப் பையன்’ என்று பெருசுகள் நெஞ்சை நிமிர்த்துவார்கள்; அதில் இவர்கள் பங்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கொட்டாவிக்கு என்ன காரணம்? அன்று சனிக்கிழமை, ஆபீஸ் அலுப்பு என்று சொல்ல வழியில்லை. ஐம்பது தாண்டியவனுக்குச் சாப்பிட்டு உட்கார்ந்தால் வரத்தான் செய்யும், எனக்கும் வரும். ஆனால் அவனுக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சலித்திருந்தால் அந்த நாற்காலி தப்பான ஆளிடம் போயிருக்கிறது. சரியான ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குத் துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் வந்தது. மதிலோரம் நின்று பாட்டுக் கேட்போம். நாங்கள் நிற்பது தெரிந்தால் அந்த வீட்டு அண்ணன் சரணம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுவார். பிறகு என் கையிலும் காசு வந்தது. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கேசட் கடையில் கொடுத்து, 60 நிமிட டிடிகேயில் பதிந்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டேன். வெளியே போனால் பாட்டு தீர்ந்துவிடும் என்றா நினைத்தேன்?

அரிஸ்டாட்டில் எழுதியதை எப்போதோ படித்த ஞாபகம்: பொறாமை சமமானவர்கள் மேல்தான் வரும், வயதிலும் இடத்திலும் நெருங்கியிருப்பவர்கள் மேல். சரியாகத்தான் இருக்கிறது. 81 வயதில் ஒருவர் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றுகிறார். எனக்கு மாடிப்படி ஏறவே முழங்கால் கெஞ்சுகிறது. அவர் மேல் துளியும் பொறாமை இல்லை. கீழே நாற்காலியில் இருப்பவன்தான் உறுத்துகிறான். வள்ளுவரும் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் யோசிக்க வேண்டியவை என்கிறது அதில் ஒரு குறள். பள்ளியில் அதைப் படித்தபோது நான் நேர்மையானவன் பக்கம்தான் நின்றுகொண்டேன்.

மகளிடம் படத்தைக் காட்டினேன். “மியூட் பண்ணிடுங்கப்பா” என்றாள். அதே ஆண்டு ஜனவரியில் கோல்ட்பிளே அகமதாபாத்தில் பாடியபோது, அங்கே போயிருந்த தோழியின் ஸ்டேட்டஸை அப்படித்தான் செய்தாளாம். அவள் தலைமுறைக்கு இதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது.

வயதானால் இதெல்லாம் தணியும் என்பார்கள். பைக், வேலை, வீடு என்று யார் யாரையோ பார்த்து வெந்த நாட்கள் போய்விட்டன, உண்மைதான். மனம்தான் பக்குவப்பட்டதா, ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் குறைந்துவிட்டார்களா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிஞ்சியிருப்பவர்களில் இவன் ஒருவன். ராஜாவைப் பற்றி விடிய விடியச் சண்டை போட எனக்கு வேறு யாரும் கிடையாது.

இசை எப்படி இருந்தது என்று இன்னும் அவனைக் கேட்கவில்லை. பிரமாதம் என்று சொல்லிவிட்டால் தாங்குவேனா, சுமார் என்றால் அவனை மன்னிப்பேனா, இரண்டும் தெரியவில்லை.